ஆஸ்திரேலியாவில் சிகரெட் வகைகள்: பெயர் போனது, நிறம் போனது

சிட்னியிலோ மெல்பர்னிலோ கடையொன்றில் சிகரெட் கேட்பவருக்கு, மூடிய அலமாரியிலிருந்து மங்கிய கரும்பழுப்பு நிறப் பெட்டி ஒன்று எடுத்துத் தரப்படுகிறது. எந்த நிறுவனத்தின் சிகரெட்டானாலும் பெட்டியின் நிறம் அதுவே.

சிகரெட் என்பது நறுக்கிய புகையிலையைத் தாளில் சுருட்டியது. யாழ்ப்பாணத்துச் சுருட்டில் புகையிலையை மூடியிருப்பதும் புகையிலையே. பீடியில் அது காட்டு மரத்து இலை. சிகரெட்டின் நீளம், பருமன், புகையிலைக் கலவை ஆகியவை மாறுபடலாம். அமெரிக்க வகையில் வர்ஜீனியா, பேர்லி, ஓரியண்டல் புகையிலைகள் கலக்கப்படுகின்றன. பிரிட்டன், இந்தியா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் வர்ஜீனியாவுக்கே முதலிடம்.

ஆனால் வாங்குவோர் கேட்டுப் பழகியது புகையிலையின் வகையை அல்ல. "லைட்", "மைல்ட்" என்ற சொற்களை. இவ்வகைச் சிகரெட்டின் ஃபில்டரைச் சுற்றி நுண்துளைகள் இருக்கும். பரிசோதனை இயந்திரம் புகையை இழுக்கும்போது அவற்றின் வழியே காற்றும் கலப்பதால் தாரின் அளவு குறைவாகப் பதிவாகிறது. மனிதரோ உதட்டாலும் விரலாலும் துளைகளை மூடிவிடுகிறார். நிகோட்டின் போதாதபோது ஆழமாக இழுக்கிறார். இயந்திரத்தை ஏமாற்றிய துளைகள் நுரையீரலைக் காக்கவில்லை.

2005இல் ஆஸ்திரேலியப் போட்டி மற்றும் நுகர்வோர் ஆணையம் தலையிட்டதை அடுத்து, பெரிய நிறுவனங்கள் மூன்றும் இச்சொற்களைக் கைவிட்டன. அவற்றின் இடத்தை நிறங்களின் பெயர்களும் "ஸ்மூத்" போன்ற சொற்களும் பிடித்துக்கொண்டன. பெயர் மாறியது, நம்பிக்கை மாறவில்லை.

2012 டிசம்பர் 1 முதல் சின்னமும் நிறமும் இல்லாத பெட்டிகளே சட்டபூர்வமாயின. உலகிலேயே இது முதல் முறை. புகையிலை நிறுவனங்கள் தொடுத்த வழக்கு அதே ஆண்டு ஆகஸ்டில் உயர்நீதிமன்றத்தில் தோற்றது. உலக வர்த்தக அமைப்பில் எழுந்த பிணக்கு 2020இல் ஆஸ்திரேலியாவுக்குச் சாதகமாக முடிந்தது.

எஞ்சியிருந்தது மென்தால். அதன் குளிர்ச்சி தொண்டை எரிச்சலை மறைப்பதால், புதிதாகப் புகைப்பவருக்கு முதல் சிகரெட்டை அது எளிதாக்குகிறது. 2023ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 2025 ஜூலை 1 முதல் மென்தால் சிகரெட் விற்கப்படுவதில்லை. ஒவ்வொரு சிகரெட்டிலும் எச்சரிக்கை வாசகமும் அச்சிடப்படுகிறது.

இப்போது இரண்டு வகைகள்தாம் பேசப்படுகின்றன: வரி கட்டியது, வரி கட்டாதது. 2025இல் ஒரு சிகரெட்டின் மீதான கலால் வரி மட்டும் 1 டாலர் 40 சென்டைத் தாண்டியது. பழைய வண்ணப் பெட்டிகள் கள்ளச்சந்தை வழியாகத் திரும்பி வந்துள்ளன. அந்தச் சந்தைக்கான போட்டியில், 2023 முதல் மெல்பர்னில் பல புகையிலைக் கடைகள் தீயிட்டுக் கொளுத்தப்பட்டன. வரியை உயர்த்தியபோதே கண்காணிப்பையும் அதே வேகத்தில் அரசு உயர்த்தியிருக்க வேண்டும் என்ற வாதத்தை எளிதில் ஒதுக்க முடியாது.

ஊரிலிருந்து வரும் உறவினர்கள் கவனிக்க வேண்டியதும் உண்டு. தீர்வையின்றிக் கொண்டுவரக்கூடியவை 25 சிகரெட்டுகளும், திறந்த பெட்டி ஒன்றும் மட்டுமே. 2019 ஜூலை முதல், அனுமதியின்றித் தபாலில் தருவிப்பதும் தடைசெய்யப்பட்டுள்ளது.