லூவேன் நூலகம்

பெல்ஜிய நாட்டு லூவேன் நகரில், போப்பாண்டவர் ஐந்தாம் மார்ட்டினின் ஆணையால் 1425-இல் தோன்றிய கத்தோலிக்கப் பல்கலைக் கழகத்தைக் காணச் சென்றோம். நூலகத்தின் முன்னர்தான் நெடுநேரம் நின்றோம். 1914 ஆகஸ்டில் ஜெர்மானியப் படையினர் இட்ட தீயில் பழைய நூலகம் சாம்பலாயிற்று. அமெரிக்க மக்களின் கொடையால் 1928-இல் எழுந்த இம்மாளிகையும் 1940 மே மாதப் போரில் எரிந்தது. மீண்டும் புதுக்கினர். கொடையளித்த பள்ளிகளின் பெயர்களை அதன் கற்களில் இன்றும் படிக்கலாம்.

நெருப்புச் செய்யாததை மொழிப்பிணக்குச் செய்தது. டச்சு மொழியாரின் குறை பொய்யன்று; தம் மண்ணிலேயே நெடுங்காலம் பிரெஞ்சு மொழியில் பயின்றவர் அவர். ஆயினும், பல்கலைக் கழகத்தை இரண்டாக்க 1968-இல் முடிவான பின்னர், நூல்களைப் பங்கிட்ட முறையை என்னென்பது! ஒற்றைப்படை எண்ணுடையவை லூவேனில் தங்கின. இரட்டைப்படை எண்ணுடையவை பிரெஞ்சுப் பிரிவினர்க்கென எழுந்த புதுநகருக்கு வண்டியேறின.