மாலைதீவுத் தேன்நிலவு: சாப்பாட்டுக்கு எவ்வளவு ஒதுக்குவது?

மண்டபம், படப்பிடிப்பு, விருந்து எல்லாம் முடிந்தபின் புதுத் தம்பதியர் பலரின் கையில் மிஞ்சுவது கொஞ்ச மொய்ப்பணமும் ஒரு கடன் அட்டையும்தான். பயணச்சீட்டு விலையையும் அறை வாடகையையும் வாரக்கணக்கில் ஒப்பிட்டுப் பார்ப்பவர்கள்கூட, சாப்பாட்டை மட்டும் அங்கே போய்ப் பார்ப்போம் என்று விட்டுவிடுகிறார்கள். வேறு ஊர்களுக்கு அது சரிவரலாம். மாலைதீவில் சாப்பாட்டுச் செலவு, தீவைத் தெரிவு செய்யும்போதே தீர்மானமாகி விடுகிறது.

காரணம் எளிது. 1972இல் முதல் ரிசோர்ட் திறந்த காலத்திலிருந்து ஒரு தீவுக்கு ஒரு ரிசோர்ட் என்பதே பொது வழக்கம். விலை கூடவென்று வெளியே நடந்துபோய்ச் சாப்பிட அங்கே வேறு கடை இல்லை. மீனும் தேங்காயும் தவிர்ந்த பெரும்பாலான உணவுப் பொருட்கள் வெளிநாட்டிலிருந்தே வருகின்றன. போதாததற்கு, உணவுப் பட்டியலில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் இருக்கும். ஒன்று 10 சதவீதச் சேவைக் கட்டணம். மற்றது சுற்றுலாத்துறைக்கான வரி. 2025 ஜூலை 1 முதல் அது 17 சதவீதம். வரி, சேவைக் கட்டணத்தின் மேலும் விழும். ஆகவே 100 டொலர் என்று போட்டிருக்கும் சாப்பாட்டுக்கு நீங்கள் கட்டுவது 128.70 டொலர்.

காலை உணவு மட்டும் அடங்கிய அறையை எடுத்தீர்கள் என்று வையுங்கள். ஆளுக்கு மதியம் 30, இரவு 60 டொலர் என்றால் இருவருக்கு ஏழு நாளில் 1,260. மேற்சொன்ன இரண்டையும் சேர்த்தால் 1,620ஐத் தாண்டும். அதனால் முதலில் இந்தக் கணக்கை உங்கள் ரிசோர்ட்டின் விலைகளை வைத்துப் போடுங்கள். பிறகு காலை, இரவுச் சாப்பாடு அடங்கிய ஹாஃப் போர்ட்டுக்கு எவ்வளவு மேலதிகம் கேட்கிறார்கள் என்று பாருங்கள். அந்த மேலதிகத் தொகை வரி சேர்த்ததா என்பதையும் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். மது அருந்தாத இருவருக்கு ஓல் இன்குளூசிவ் பெரும்பாலும் வீண்செலவு. பிந்தி எழும்பி நன்றாகச் சாப்பிட்டால் மதியம் ஒரு சிறு கடியே போதும். என் கணிப்பில் ஹாஃப் போர்ட்தான் இலாபம். ஆனால் அதில் இரவுச் சாப்பாட்டோடு குடிக்கும் தண்ணீருக்குக்கூடச் சில இடங்களில் தனிக் காசு.

மக்கள் வாழும் தீவுகளின் கதை வேறு. கடந்த பதினைந்து ஆண்டுகளில் மாபுஷி, துளுஸ்தூ, திகுரா போன்ற தீவுகளில் விருந்தினர் விடுதிகள் பெருகியுள்ளன. உள்ளூர்ச் சாப்பாட்டுக் கடையில் ஒருவர் ஐந்து முதல் பத்து டொலருக்குள் வயிறாரச் சாப்பிடலாம். காலையில் மஸ் ஹுனி: சூரை மீன், தேங்காய்ப்பூ, வெங்காயம், மிளகாய், தேசிக்காய்ப்புளி சேர்த்துப் பிசைந்து ரொட்டியோடு தருவார்கள். நம்மவர் நாக்குக்கு அது புதிதாக இராது. நம் சம்பலில் இடித்துப் போடும் மாசி இந்தத் தீவுகளின் சரக்குத்தானே; திவெகி மொழியில் மஸ் என்றால் மீன். பின்னேரம் தேத்தண்ணியோடு ஹெதிகா எனும் பொரித்த சிற்றுண்டிகள் மலிவாகக் கிடைக்கும். மது மட்டும் இந்தத் தீவுகளில் இல்லை. நாட்டுக்குள் கொண்டுவரவும் தடை. ரமழானில் பகல் வேளையில் கடைகள் பூட்டியிருக்கும். 2027இல் ரமழான் பெப்ரவரி முற்பகுதியில் வருவதால், விடுதியில் மதியச் சாப்பாடு உண்டா என்று முன்பே கேளுங்கள். நான்கு இரவு இப்படியான தீவிலும் கடைசி மூன்று இரவு ரிசோர்ட்டிலும் தங்கினால் இரண்டையும் அனுபவிக்கலாம், செலவும் தாங்கும்.

சைவம் சாப்பிடுபவர்கள் கவனம். மரக்கறி என்று சொல்லித் தரும் கறியிலும் மாசி விழுந்திருக்கலாம். மீனும் மாசியும் வேண்டாம் என்று இரண்டையும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

பல ரிசோர்ட்டுகள் தேன்நிலவுத் தம்பதியருக்கு ஒரு இரவு விருந்தை இலவசமாகத் தருகின்றன. இதற்குத் திருமணச் சான்றிதழ் கேட்பார்கள். ஆறு மாதம் அல்லது ஒரு வருடத்துக்குள் நடந்த திருமணமாக இருக்க வேண்டும். நம் குடும்பங்களில் பதிவுத் திருமணம் முதலே முடிந்து, தாலிகட்டு ஒரு வருடம் கழித்து நடப்பது சாதாரணம். அவர்கள் பார்ப்பது பதிவுத் திகதியை. அழைப்பிதழை ஏற்பார்களா என்று புறப்படுமுன் மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள்.

மார்கழி விடுமுறையில் போகிறவர்களுக்கு இன்னொன்று. நத்தாருக்கும் புதுவருடத்துக்கும் பல ரிசோர்ட்டுகளில் விசேட விருந்து கட்டாயம். சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கட்டணம் கணக்கில் ஏறும். மே முதல் ஒக்டோபர் வரை மழைக்காலம் என்றாலும் விலை குறைவு.

கடல் விமானங்கள் பகலில் மட்டுமே பறக்கும். உங்கள் விமானம் பின்னேரம் பிந்தி இறங்கினால் முதல் இரவை ரிசோர்ட்டுக்குக் கொடுக்காமல், விமான நிலையத்தோடு வீதியால் இணைந்த ஹுல்ஹுமாலேயில் தங்குங்கள். அன்றிரவு அங்கே கொத்து ரொட்டியும் கிடைக்கும்.