நூறு லவ் பேர்ட்ஸும் ஒரு முதியோர் இல்லமும்

வயதுபோன ஆட்களுக்குச் செல்லப்பிராணி நல்லது எண்டு இப்ப எல்லாரும் சொல்லுகினம். இந்த எண்ணம் புதுசில்லை. 1796இல் இங்கிலாந்தின் யோர்க் நகரில் வில்லியம் டியூக் திறந்த மனநோயாளர் இல்லத்தின் வளவுக்குள் முயலும் கோழியும் விடப்பட்டிருந்தன. நெடுநாள் படுக்கையில் கிடப்பவர்களுக்குச் சிறு பிராணி நல்ல துணை என்று 1859இல் புளோரன்ஸ் நைட்டிங்கேல் எழுதினார்.

1975இல் வெளிவந்த பிரித்தானிய ஆய்வொன்றில், வீட்டில் தனியே வாழ்ந்த முதியவர்கள் சிலருக்கு லவ் பேர்ட்ஸும் வேறு சிலருக்குப் பூச்செடியும் கொடுத்துப் பார்த்தார்கள். பறவை கிடைத்தவர்களிடம்தான் மாற்றம் தெரிந்தது. வீட்டுக்கு வாற ஆட்களோடு கதைக்க அவர்களுக்கு ஒரு விஷயம் இருந்தது. ஆய்வு சின்னதுதான், ஆனால் கேள்வி பெரிது.

அந்தக் கேள்வியைப் பெரிய அளவில் சோதித்தவர் பில் தோமஸ் என்ற இளம் வைத்தியர். 1991இல் நியூயோர்க் மாநிலத்தின் நியூ பெர்லின் என்ற சிற்றூரில், சேஸ் மெமோரியல் முதியோர் இல்லத்துக்குப் பொறுப்பாக இருந்தார். அங்கே சாப்பாடும் மருந்தும் நேரத்துக்குக் கிடைத்தன. ஆனால் ஆட்களின் முகத்தில் உயிர் இல்லை. சலிப்பு, தனிமை, தன்னால் ஒண்டும் ஏலாது என்ற நினைப்பு, இந்த மூன்றும்தான் அங்குள்ள நோய் என்று அவர் கண்டார்.

அரசிடம் விசேட அனுமதி வாங்கி, இரண்டு நாய், நான்கு பூனை, நூறு லவ் பேர்ட்ஸ் கொண்டுவந்தார். கூடுகள் வர முதலே பறவைகள் வந்துவிட்டன! அவற்றைத் தலைமுடி வெட்டும் அறைக்குள் பறக்கவிட்டு, ஊழியர்கள் கூடு பூட்டப் பட்ட பாட்டைப் பார்த்து முதியவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்களாம்.

பிறகு ஒவ்வொரு பறவைக்கும் பெயர் வைத்து ஆளுக்கொன்றாய் எடுத்துக்கொண்டார்கள். நடக்கமாட்டார் என்று விட்டிருந்த சிலர், நாயை நான் கூட்டிக்கொண்டு போறன் எண்டு எழும்பி வந்தார்கள். இரண்டு வருடங்கள் வேறோர் இல்லத்தோடு ஒப்பிட்டபோது, இங்கே மருந்துச் சீட்டுகள் பாதியாகவும் இறப்புகள் 15 வீதம் குறைவாகவும் இருந்தன.

இதை வைத்து நாய் வந்தால் மருந்து வேண்டாம் எண்டு சொல்லேலாது. செடிகளும் சிறுவர்களும்கூட அங்கே வந்திருந்தார்கள். பின்னர் நடந்த ஆய்வுகள் எல்லாம் இதே முடிவைத் தரவுமில்லை. ஆனாலும் ஒன்று தெளிவு. நாங்கள் முதியவர்களை நல்லாப் பார்க்கிறம் எண்டு சொல்லி, அவர்களின் கையிலிருந்த வேலையெல்லாத்தையும் பறித்துவிடுகிறோம். அந்தப் பறவைகள் அவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தது ஒரு பொறுப்பை. காலையில் எழும்ப, எவருக்கும் ஒரு காரணம் வேணும்.