முப்பத்தாறாம் கூடமும் நம் இல்லத் திரையும்

திரைப்படம் பேசத் தொடங்கிப் பத்தாண்டுகள் நிறைவதற்குள் திருச்சபை அதைக் குறித்து ஆயர்களுக்கு எழுத வேண்டியதாயிற்று. 1936ஆம் ஆண்டு ஜூன் 29 அன்று திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் ‘விஜிலான்தி கூரா’ என்னும் சுற்றுமடலை வெளியிட்டார். தீய படங்களைப் பார்ப்பதில்லை என்று அமெரிக்கக் கத்தோலிக்கர் பல இலட்சம் பேர் அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே வாக்குறுதி அளித்திருந்தனர். அம்முயற்சியை அவர் பாராட்டினார். ஒவ்வொரு நாட்டிலும் ஆயர்கள் ஓர் அலுவலகம் நிறுவி, படங்களைத் தரம் பிரித்து மக்களுக்கு அறிவிக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். குடும்பத்தோடு பார்க்கத்தக்க படமா என்னும் கேள்விக்குப் பட்டியல் விடை சொல்லத் தொடங்கிய காலம் அது.

பட்டியல் பயன் தந்தது. ஆயினும் பட்டியலைப் படிப்பவர் எல்லாரும் பகுத்தறியக் கற்றுக்கொள்வதில்லை. எனவே 1957இல் பன்னிரண்டாம் பத்திநாதர் தம் ‘மிராந்தா ப்ரோர்சுஸ்’ மடலில் பார்வையாளரைப் பயிற்றுவிப்பதன் தேவையை வலியுறுத்தினார். 1963 டிசம்பர் 4 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட சமூகத் தொடர்பு ஏடு, இல்லத்துக்குள் எது நுழைகிறது என்று விழித்திருக்கும் கடமையைப் பெற்றோர்க்கே உரியதாக்கியது. தீர்ப்பிடும் பொறுப்பு அலுவலக மேசையிலிருந்து நம் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிட்டது எனலாம்.

அப்பொறுப்பை நாம் எவ்வாறு ஆற்றுவது? அன்றைய பட்டியலார் பெரிதும் எண்ணிப் பார்த்திராத ஒரு வகைப் படத்தைக் கொண்டே அதைச் சிந்திப்போம். சீனப் போர்க்கலைப் படங்கள் 1928இல் ஷாங்காய் நகரில் ‘செந்தாமரைக் கோயில் எரிப்பு’ என்னும் படத்தின் வெற்றியால் பெருகின. மூடநம்பிக்கையை வளர்ப்பதாகக் கருதி 1931இல் சீனத் தேசிய அரசு அவ்வகையைத் தடை செய்தது. பின்னர் அவை ஹாங்காங்கில் தழைத்தன. அங்கே ஷா சகோதரர்களின் நிறுவனம் 1978இல் வெளியிட்ட ‘ஷாவோலினின் 36ஆம் கூடம்’ அவ்வகையின் சிகரங்களுள் ஒன்றாக மதிக்கப்படுகிறது. இயக்கியவர் லாவ் கார்-லியுங். நாயகர் கோர்டன் லியூ.

கதை எளியது. மஞ்சு ஆட்சியின் கொடுமையில் தந்தையையும் தோழர்களையும் இழந்த மாணவர் ஒருவர் ஷாவோலின் மடத்தில் தஞ்சம் புகுகிறார். சான் தே என்னும் பெயரோடு துறவியாகிறார். மடத்தில் 35 பயிற்சிக் கூடங்கள். அவசரத்தால் உச்சக் கூடத்தில் நுழைந்து தூக்கி எறியப்படுகிறார். அடிநிலைக் கூடத்திலிருந்தே தொடங்குகிறார். நீரில் மிதக்கும் கட்டைகளின்மீது கால் வைத்துக் கடந்தால்தான் உணவு. கைகளைத் தாழ்த்தினால் விலாவில் கத்தி குத்தும் நிலையில் தண்ணீர் வாளிகளைச் சுமக்க வேண்டும். கனத்த நீண்ட கழியால் மணியைத் தாளம் தவறாது அடிக்க வேண்டும். இந்தப் பயிற்சியே படத்தின் பெரும்பகுதி.

இதைக் கண்ட கிறிஸ்தவப் பெற்றோர்க்கு எழும் முதல் தயக்கம், இது புத்த மடம் ஆயிற்றே என்பது. 1965இல் சங்கம் பிற சமயங்களைக் குறித்து வெளியிட்ட அறிக்கை, அவற்றில் உண்மையும் தூய்மையும் உள்ள எதையும் திருச்சபை புறக்கணிப்பதில்லை என்று கற்பித்தது. உடலை ஒறுத்து உள்ளத்தை ஒழுங்கு செய்தல் நமக்கு அயலானதும் அன்று. திருத்தூதர் பவுல் கொரிந்தியர்க்கு எழுதுகையில் ஓட்டப் பந்தய வீரரையும் குத்துச்சண்டை வீரரையும் உவமை காட்டினார். புனித ஆசீர்வாதப்பரின் மடங்களிலும் கீழ்ப்படிதலும் கைவேலையும் செபத்தோடு சேர்ந்தே நடந்தன. ஆயுதம் ஏந்திய துறவி என்று முகம் சுளிக்கவும் நமக்கு உரிமை குறைவு. ஷாவோலின் துறவியர் 621இல் தாங் அரச குலத்தவர்க்காகப் போரிட்டனர் எனக் கல்வெட்டுக் கூறுகிறது. சிலுவைப் போர்க் காலத்தில் நம் திருச்சபையிலும் வாளேந்திய துறவற சபைகள் இருந்தன.

நாம் அஞ்ச வேண்டியது வேறிடத்தில் இருக்கிறது. பயிற்சி முடிந்து மடத்தை விட்டு வெளியேறும் சான் தே, தம் மக்களை ஒடுக்கிய தளபதியை வீழ்த்திப் பழிதீர்க்கிறார். ஒடுக்கப்பட்டோரைக் காத்தல் கடமை. அதைத் திருச்சபை மறுத்ததில்லை. ஆனால் காத்தல் எங்கே முடிகிறது, பழிவாங்குதல் எங்கே தொடங்குகிறது என்று இப்படம் பிரித்துக் காட்டுவதில்லை. இத்தனை பொறுமையோடு கற்ற ஒழுக்கம் யாவும் அந்த ஓர் அடிக்காகவே என்று சிறுவன் உள்ளம் கொண்டுவிட்டால், படத்தின் நல்ல பகுதியே கேட்டுக்குத் துணைபோகும். கெத்சமனித் தோட்டத்தில் பேதுருவும் தம் ஆண்டவரைக் காக்கவே வாளை உருவினார். உறையில் இடுமாறு ஆண்டவர் பணித்தார். வெட்டுண்ட காதையும் குணமாக்கினார்.

இதே இயக்குநர் இதே நாயகரைக் கொண்டு அதே 1978இல் உருவாக்கிய மற்றொரு படம் ‘கீழ்த்திசை வீரர்கள்’. சீன இளைஞருக்கும் அவருடைய சப்பானிய மனைவிக்கும் எழும் பிணக்கு, இரு நாட்டுப் போர்க்கலைகளின் போட்டியாக வளர்கிறது. தோற்ற வாள்வீரர் மரியாதையாக நீட்டிய வாளின் பொருள் அறியாது இளைஞர் அதை ஏற்க மறுத்துவிட, பகை முற்றுகிறது. ஆயினும் அப்படத்தில் ஒருவரும் சாவதில்லை. எதிரியின் கலையை மதிக்கக் கற்பதே வெற்றியாகிறது. சண்டைப் படம் என்றாலே கொலைப் படம் என்று ஒதுக்குவோர்க்கு இது தக்க மறுமொழி.

திரைப்பட நூற்றாண்டை ஒட்டி 1995இல் வத்திக்கான் 45 படங்களைச் சிறப்பித்துப் பட்டியலிட்டது. அவற்றுள் ஒன்று கோன் இச்சிகாவா இயக்கிய ‘பர்மிய யாழ்’ (1956). இதிலும் நாயகர் புத்தத் துறவியின் ஆடை அணிகிறார். போர் முடிந்தபின் ஊர் திரும்பவிருந்த சப்பானியப் படைவீரர் அவர். வழிநெடுக அழுகிக் கிடக்கும் பிணங்களைக் காண்கிறார். பெயர் தெரியாத சப்பானிய வீரர் ஒருவரைக் கிறிஸ்தவச் செவிலியர் பாடலோடு அடக்கம் செய்யும் காட்சி அவரை உலுக்குகிறது. இறந்தோரைப் புதைப்பதற்காகவே அந்நாட்டில் தங்கிவிடுகிறார். இறந்தோரை அடக்கம் செய்தல் நம் மறைக்கல்வி கற்பிக்கும் இரக்கச் செயல்கள் ஏழனுள் ஒன்றன்றோ! திருச்சபை போற்றியது இதைத்தான். அவர் உடுத்திய ஆடை அதற்குத் தடையாகவில்லை.

ஆதலால் நம் அளவுகோல் இது: படத்தில் எத்தனை அடி விழுகிறது, எந்தக் கோயில் தெரிகிறது என்று எண்ணுவதோடு நில்லாது, பகைவன் இறுதியில் என்ன ஆகிறான் என்று பார்ப்போம். ‘36ஆம் கூடம்’ சிறு பிள்ளைகளுக்கு உகந்ததன்று. வளர்ந்த பிள்ளைகள் பெற்றோருடன் அமர்ந்து பார்க்கலாம். ஆனால் படம் முடிந்ததும் எழுந்து போய்விடலாகாது. அந்தத் தளபதி உயிரோடு பிடிபட்டிருந்தால் சான் தே என்ன செய்திருக்க வேண்டும் என்று பிள்ளைகளிடம் கேட்போம். அவர்கள் சொல்லும் விடையில், நம் இல்லத்தில் மன்னிப்பு எவ்வளவு கற்பிக்கப்பட்டிருக்கிறது என்பதும் நமக்கு விளங்கும்.