ஜாரின் அரங்கும் தெருவின் நடனமும்

ஒரு கலை எந்த வர்க்கத்தின் மடியிற் பிறந்தது என்பது முக்கியமான வினா. அது யார் கையிற் போய்ச் சேர்கின்றது என்பது அதனினும் முக்கியமானது. ‘கொட்டையுடைப்பான்’ என்னும் ருஷ்ய பலே நாடகத்தின் வரலாறு இவ்விரு வினாக்களையும் ஒருங்கே எழுப்புகின்றது.

ஜெர்மானிய எழுத்தாளர் ஹொவ்மன் 1816 இல் எழுதிய கதையைப் பிரெஞ்சு எழுத்தாளர் டூமா தழுவி எழுதினார். அதனை அடியொற்றி, சாய்கோவ்ஸ்கியின் இசையோடு, 1892 டிசெம்பர் 18 அன்று சென் பீற்றர்ஸ்பேர்க் நகரின் மரின்ஸ்கி அரங்கில் இந்நாடகம் மேடையேறியது. அது ஜாரின் அரங்கு. நத்தார் இரவிலே சிறுமியொருத்தி பரிசாகப் பெற்ற பொம்மை, எலியரசனை வென்று இளவரசனாகி, அவளை இனிப்புகளின் இராச்சியத்துக்கு அழைத்துச் செல்கின்றது. அங்கே ஸ்பானியச் சொக்கிலேற்றும் அராபியக் கோப்பியும் சீனத் தேநீரும் நடனங்களாக வந்து அவளை மகிழ்விக்கின்றன. உலகின் விளைபொருள்களெல்லாம் மாளிகைக் குழந்தையின் முன் கைகட்டி நிற்கும் காட்சி இது!

1944 இல் சன் பிரான்சிஸ்கோவிலும் 1954 இல் பலன்ஷீனின் நெறியாள்கையில் நியூயோர்க்கிலும் அரங்கேறிய பின், அமெரிக்கக் குடும்பங்களுக்கு இது ஆண்டுதோறும் காணும் நத்தார்ச் சடங்காயிற்று. 1960 இல் டியூக் எலிங்டனும் பில்லி ஸ்ட்ரேஹோர்னும் இவ்விசையை ஜாஸ் ஆக்கினர். ஜாரின் இசை கறுப்பின மக்களின் தாளத்திற் புதுமூச்சு விட்டது.

அதே நியூயோர்க்கின் புறொங்ஸ் பகுதியை ஊடறுத்து நெடுஞ்சாலை அமைக்கப்பட்டபோது ஏழைகளின் வீடுகள் இடிக்கப்பட்டன. தொழிற்சாலைகள் அகன்றன. எழுபதுகளில் கட்டடங்கள் தீக்கிரையாகின. அந்தச் சாம்பலிடையே 1973 ஒகஸ்ற் 11 அன்று, கூல் ஹேர்க் என்னும் இளைஞர் ஒரு விருந்தில் இசைத்தட்டுகளைச் சுழற்றினார். பாட்டு ஓய்ந்து தாளம் மட்டும் ஒலிக்கும் பகுதியை, ஒரே இசைத்தட்டின் இரு பிரதிகளைக் கொண்டு மீண்டும் மீண்டும் ஒலிக்கச் செய்வது அவர் வளர்த்த உத்தி. அத்தாளத்துக்கு இளைஞர் ஆடிய ஆட்டமே ‘பிரேக்கிங்’. நடனப்பள்ளி அவர்களுக்கு இல்லை, தெருவே பள்ளி.

இவ்விரு வரலாறுகளும் 2010களிற் சந்தித்தன. ஜெனிஃபர் வெபர் நடனமமைத்த ‘ஹிப் ஹொப் கொட்டையுடைப்பான்’ அதே சாய்கோவ்ஸ்கியின் இசையை வைத்துக்கொண்டு, மாளிகையை நியூயோர்க்கின் தெருவாகவும், நத்தாரைப் புத்தாண்டுக்கு முந்திய இரவாகவும் மாற்றியது. சிறுமி காலத்திற் பின்சென்று, தன் பெற்றோர் முதன்முதற் சந்தித்த எண்பதுகளின் நடனக்கூடத்தைக் காண்கிறாள். இளவரசியாவதன்று, தன்னைப் பெற்றவர்களின் இளமையை அறிவதே அவள் கனவு. இம்மாற்றத்தையே நாம் பெரிதாக மதிக்கின்றோம்.

எனினும் 2022 இல் டிஸ்னி நிறுவனம் இதனைத் திரைக்குக் கொண்டுவந்தது. தெரு அரங்கினுள் நுழைந்ததா, அன்றி வணிகம் தெருவை விலைக்கு வாங்கியதா? மேடையில் ஆடும் கால்களைக் கொண்டு மட்டும் இதற்கு விடை காணவியலாது. அவ்வாட்டத்தைப் படைத்த தெருக்களின் குழந்தைகளுக்கு அரங்கில் இருக்கையும் ஆக்கத்திற் பங்கும் கிடைக்கின்றனவா என்று பார்த்தே நாம் தீர்ப்புக் கூறவேண்டும்.