சொல்தா வீட்டு அம்மாக்கள்

புதுச்சேரியில் பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்தவர்களைச் 'சொல்தா' என்போம். இந்தோசீனாவிலும் அல்ஜீரியாவிலும் அவர்கள் பட்ட பாட்டைச் சொல்ல ஆளுண்டு. ஊரில் பிள்ளைகளோடு இருந்த மனைவிமார்களைப் பற்றித்தான் பேச்சே இல்லை.

எங்கள் தெருவில் ஓர் அக்கா. கைக்குழந்தையோடு மூன்று பிள்ளைகள். புருஷனின் தமிழ்க் கடிதத்தை அவரே படித்துக்கொள்வார். பிரெஞ்சுக் காகிதம் வந்தால் மட்டும், பிரெஞ்சுப் பள்ளியில் படித்த என்னைக் கூப்பிடுவார். கலியாணப் பதிவு, பிள்ளைகளின் பிறப்புப் பதிவு எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில். அடைமழையில் அரிசிக்கும் முன்னால் அதைத்தான் பரணில் ஏற்றுவார்.

அந்த டின்னின் அருமை 1962-ல் தெரிந்தது. ஆகஸ்ட் 16 அன்று இணைப்பு ஒப்பந்தம் அமலுக்கு வந்தது. இங்கே பிறந்து இங்கேயே குடியிருந்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பினால் 6 மாதத்துக்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும், இல்லையேல் இந்தியர். சிறுபிள்ளைகளின் குடியுரிமையும் அதில் அடக்கம். கலந்து பேசப் புருஷன் பக்கத்தில் இல்லை. பிள்ளைகள் எந்த நாட்டவர் என்பதை அடுப்படியில் உட்கார்ந்து அக்கா யோசிக்க வேண்டியிருந்தது. அந்த விதிகளை என்னை மூன்று தரம் வாசித்துத் தமிழில் சொல்லச் சொன்னார். அப்போது எனக்கு 12 வயசு.