பழைய கைத்துப்பாக்கியா, புதியதா? - அமெரிக்க ராணுவம் போட்ட கணக்கு

பழைய பொருள் வாங்கினால் காசு மிச்சம், புதியது வாங்கினால் கவலை மிச்சம். பொதுவாக எல்லோரும் போடும் கணக்கு இதுதான். பைக், செல்போன், டிவி என்று எதை வாங்கினாலும் இந்தக் கேள்வி வரும். ஆனால் வாங்கும் பொருள் ஒரு கைத்துப்பாக்கி என்றால்? அவசர நேரத்தில் அது சுடாமல் போனால் வைத்திருப்பவனின் உயிர் போகும். ரிப்பேர் செலவோடு முடிகிற விஷயம் இல்லை. அமெரிக்க ராணுவம் இந்தக் கேள்வியை நூற்றைம்பது வருடங்களில் பல தடவை சந்தித்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விடை சொல்லியிருக்கிறது. அந்தக் கதை சுவாரசியமானது.

எட்டு டாலர் ரிவால்வர்

1865-ல் அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்தது. வீட்டுக்குப் போகும் வடக்குப் படை வீரர்கள், தாங்கள் பயன்படுத்திய ஆயுதத்தையே விலைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று அந்த ஆண்டு மே மாதம் உத்தரவு வந்தது. மஸ்கட் துப்பாக்கி 6 டாலர், ரிவால்வர் 8 டாலர், வாள் 3 டாலர். சாதாரண சிப்பாயின் மாதச் சம்பளம் அப்போது 16 டாலர். அதாவது அரை மாதச் சம்பளத்துக்கு ஒரு ரிவால்வர். போரில் கூடவே இருந்த துப்பாக்கி, அதன் குணம் முழுக்கத் தெரியும். இதைவிட நல்ல செகண்ட் ஹேண்ட் பேரம் கிடைக்குமா?

ஆனால் அதில் ஒரு சிக்கல் இருந்தது. அந்தக் கால ரிவால்வரில் இன்று இருப்பது போன்ற தோட்டா கிடையாது. சுழலும் உருளையில் உள்ள ஒவ்வொரு அறையிலும் வெடிமருந்தைக் கொட்டி, ஈயக் குண்டை அழுத்தி, பின்பக்கம் அடிபட்டால் வெடிக்கும் சிறு செப்புத் தொப்பியை மாட்ட வேண்டும். ஆறு குண்டு நிரப்புவதற்குள் எதிரி பக்கத்தில் வந்துவிடுவான். மருந்தும் குண்டும் சேர்ந்த உலோகத் தோட்டா அப்போதே வந்துவிட்டது. பிறகு ஏன் கோல்ட் கம்பெனி அதற்கேற்ற ரிவால்வர் செய்யவில்லை? காரணம் ஒரு பேட்டன்ட்.

உருளையை முன்னிருந்து பின்வரை முழுதாகத் துளையிட்டு, பின்பக்கமாகத் தோட்டா போடும் முறைக்கு ரோலின் வைட் என்பவர் 1855-ல் பேட்டன்ட் எடுத்திருந்தார். ஸ்மித் அண்ட் வெசன் கம்பெனி அவருக்கு ஒரு துப்பாக்கிக்கு 25 சென்ட் கொடுத்து அந்த உரிமையைப் பெற்றுக்கொண்டது. ஆனால் யாராவது பேட்டன்டை மீறினால் வழக்கு நடத்துவது வைட்டின் பொறுப்பு. கிடைத்த பணத்தில் பெரும்பகுதி கோர்ட்டுக்கே போனது. 1869-ல் பேட்டன்ட் காலாவதியானது. அதை நீட்டிக்க வழி செய்யும் மசோதாவை, போரில் படைத் தளபதியாக இருந்த ஜனாதிபதி கிராண்ட் 1870-ல் நிராகரித்தார்.

பழசைத் திருத்துவதா?

கதவு திறந்துவிட்டது. இப்போது ராணுவத்தின் கையில் போர்க்காலத்தில் வாங்கிய பழைய ரிவால்வர்கள் குவிந்து கிடந்தன. கோல்ட் 1860 மாடல் மட்டுமே ஒரு லட்சத்துக்கும் மேல் வாங்கப்பட்டிருந்தது. தூக்கி எறிய மனம் வருமா?

ராணுவம் இரண்டு வழியையும் சோதித்துப் பார்த்தது. 1870-ல் ஸ்மித் அண்ட் வெசனிடம் ஆயிரம் புது ரிவால்வர்கள் வாங்கியது. அடுத்த ஆண்டு, சுமார் 1,200 பழைய கோல்ட் ரிவால்வர்களைக் கம்பெனிக்கே அனுப்பி, உருளையின் பின்பகுதியை வெட்டி, தோட்டா போடும்படி மாற்றி வாங்கியது. இந்த மாற்று முறையை வடிவமைத்தவர் கோல்ட் கம்பெனியின் ரிச்சர்ட்ஸ்.

கடைசியில் ஜெயித்தது புதியதுதான். 1873-ல் கோல்ட் கம்பெனியின் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி மாடலில் 8,000 ரிவால்வர்களுக்கு, ஒன்று 13 டாலர் வீதம் ஆர்டர் போனது. பழைய 1860 மாடலில் உருளைக்கு மேலே சட்டம் கிடையாது, திறந்தே இருக்கும். புதிய மாடலில் உருளையைச் சுற்றி முழுச் சட்டம் இருந்தது. உருளையை வெட்டி ஒட்டலாம், ஆனால் இல்லாத சட்டத்தை எங்கிருந்து கொண்டுவருவது? டெக்னாலஜியே மாறிவிட்ட பிறகு பழசைத் திருத்துவதற்கு ஓர் எல்லை உண்டு.

பழசு திரும்பி வந்தது

ஆனால் "புதுசுதான் எப்போதும் நல்லது" என்று முடிவு கட்டிவிட வேண்டாம். 1892-ல் ராணுவம் இன்னும் நவீனமான கோல்ட் ரிவால்வருக்கு மாறியது. குண்டு .45 அங்குலத்திலிருந்து .38 அங்குலமாகச் சிறுத்தது. சில ஆண்டுகளில் பிலிப்பைன்ஸ் போர் வந்தது. பாய்ந்து வரும் எதிரியை .38 குண்டு நிறுத்தவில்லை என்று களத்திலிருந்து புகார்கள் குவிந்தன. என்ன செய்தார்கள்? ஒதுக்கிவைத்த பழைய .45 ரிவால்வர்களில் குழலை ஏழரை அங்குலத்திலிருந்து ஐந்தரை அங்குலமாகக் குறைத்து, பழுது பார்த்துக் களத்துக்கு அனுப்பினார்கள்!

இந்த அனுபவத்தின் விளைவாக 1904-ல் சோதனைகள் நடந்தன. அதன் பலனாக 1911-ல் வந்ததுதான் ஜான் பிரௌனிங் வடிவமைத்த புகழ்பெற்ற .45 பிஸ்டல், எம்1911.

நாற்பது வருட செகண்ட் ஹேண்ட்

இரண்டாம் உலகப் போரில் மட்டும் சுமார் 19 லட்சம் எம்1911 வகை பிஸ்டல்கள் தயாராயின. செய்தவர்கள் யார் தெரியுமா? அதிகமாகச் செய்தது டைப்ரைட்டர் கம்பெனியான ரெமிங்டன் ராண்ட். ரயில்வே சிக்னல் செய்யும் ஒரு கம்பெனியும் செய்தது. நம் வீடுகளில் தையல் மெஷினாகத் தெரிந்த சிங்கர் கம்பெனியும் 500 பிஸ்டல்கள் செய்தது. அந்த 500-ல் ஒன்று 2017-ல் நான்கு லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. பழைய பொருளின் விலை எப்போதும் இறங்கும் என்று யார் சொன்னது?

1945-க்குப் பிறகு ராணுவம் இந்த பிஸ்டலைப் புதிதாக வாங்கவே இல்லை. கொரியா, வியட்நாம் எல்லாம் பழைய சரக்கில்தான். இது எப்படி முடிந்தது? ஒரு கம்பெனியின் பாகம் இன்னொரு கம்பெனியின் பிஸ்டலில் பொருந்தும். ராணுவப் பணிமனைகளில் பிரித்துப் போட்டு, தேய்ந்த குழலையும் ஸ்பிரிங்கையும் மாற்றி, அளவு பார்த்து, பணிமனையின் முத்திரையைக் குத்தி அனுப்பினார்கள். ஒருவர் சட்டம், மற்றவர் ஸ்லைடு என்று கலந்திருந்தாலும் சுட்டது. அந்த நாற்பது வருடங்களில் கைத்துப்பாக்கியின் அடிப்படை இயக்கமும் பெரிதாக மாறிவிடவில்லை.

ஆனால் தேய்மானம் யாரையும் விடாது. இன்னொரு பக்கம், தேவைப்பட்டபோதெல்லாம் வேறு வேறு மாடல்கள் சேர்ந்துகொண்டே போயின. 1978-ல் காங்கிரஸ் கமிட்டி பார்த்தபோது, படைகளிடம் 25-க்கும் மேற்பட்ட வகை கைத்துப்பாக்கிகளும் 100-க்கும் மேற்பட்ட வகை தோட்டாக்களும் இருந்தன. துப்பாக்கி வாங்கும் காசு மிச்சமானது உண்மை. அத்தனை வகைக்கும் உதிரிப் பாகமும் தோட்டாவும் வைத்துப் பராமரிக்கும் செலவு? அது வேறு கணக்கில் ஏறிக்கொண்டிருந்தது.

1985-ல் இத்தாலியின் பெரெட்டா பிஸ்டல், எம்9 என்ற பெயரில் தேர்வானது. கடைசிச் சுற்றில் போட்டி போட்ட சிக் கம்பெனியின் பிஸ்டல் தனியாகப் பார்த்தால் சற்று மலிவு. மேகசின், உதிரிப் பாகம் எல்லாம் சேர்த்துக் கூட்டினால் பெரெட்டா மலிவு. மொத்தச் செலவைப் பார் என்ற பாடத்தை ராணுவம் கற்றுக்கொண்டிருந்தது.

சரி, புதுசு வாங்கியாகிவிட்டது, கவலை தீர்ந்ததா? இல்லை. 1987-88-ல் சில எம்9 பிஸ்டல்களின் ஸ்லைடு சுடும்போதே உடைந்து பின்னால் பறந்தது. சுட்டவர்கள் முகத்தில் காயம் பட்டது. உலோகத்தின் குறையா, தோட்டாவின் அழுத்தமா என்று கம்பெனிக்கும் ராணுவத்துக்கும் தகராறு. கடைசியில் ஸ்லைடு உடைந்தாலும் பின்னால் வராதபடி வடிவமைப்பை மாற்றினார்கள்.

அதே காலத்தில் மரைன் படையின் ஒரு சிறப்புப் பிரிவு வேறு வழியில் போனது. கிடங்கிலிருந்த பழைய எம்1911 சட்டங்களில் நல்லதைப் பொறுக்கி எடுத்து, புதுக் குழலும் ஸ்லைடும் போட்டுக் கைவேலையாகத் தயார் செய்துகொண்டது. 1945-க்கு முன் செய்த சட்டங்கள் 2000-களிலும் உழைத்தன. அவையும் தேய்ந்த பிறகுதான், 2012-ல், அதே வடிவத்தில் புது பிஸ்டல்களை கோல்ட் கம்பெனியிடம் வாங்கினார்கள்.

மிச்சமிருந்த பழைய பிஸ்டல்கள் 2018-ல் தகுதியுள்ள அமெரிக்கப் பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்தன. நிலைமையைச் சோதித்துத் தரம் பிரித்து, 850 டாலர் முதல் 1,050 டாலர் வரை விலை. ஆளுக்கு ஒன்றுதான். அதற்கும் போட்டி அதிகம் என்பதால் வரிசை எண் கொடுத்துத்தான் விற்றார்கள். 1865-ல் ரிவால்வர் வாங்கிய சிப்பாய்க்குத் தன் துப்பாக்கியின் சரித்திரம் முழுக்கத் தெரியும். 2018-ல் வாங்கியவருக்குத் தெரிந்தது தரம் பிரித்த ஆள் சொன்னது மட்டும்தான்.

இந்த நீண்ட கதையில் விலைச் சீட்டு எந்த இடத்திலும் தனியாகத் தீர்ப்பு சொல்லவில்லை. டெக்னாலஜி மாறிவிட்டதா, உதிரிப் பாகம் கிடைக்குமா, கடைசியாகப் பிரித்துப் பார்த்துச் சோதித்தவர் யார் - இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்த இடத்தில் முப்பது வருடப் பழசும் உயிரைக் காப்பாற்றியது. சோதனையில் கோட்டைவிட்ட இடத்தில் பெட்டி பிரித்த புதுசும் முகத்தில் அடித்தது.